தோன்றா எழுவாய்: போர்ச் செய்தியும் அதன் இலக்கணமும்

இலக்கிய விமர்சனம் கதை, கவிதை, நாடகம் என்பவற்றோடு நின்றுவிட வேண்டியதொன்றன்று. நாவலை வாசியாதவனும் நாளிதழை வாசிக்கிறான். நாளிதழை வாசியாதவன் வானொலியையோ தொலைக்காட்சியையோ கைத்தொலைபேசியையோ நம்பியிருக்கிறான். அவனை வந்தடையும் செய்தியும் சொற்களால் ஆன ஒரு படைப்பே. அதற்கும் ஓர் ஆசிரியன் உண்டு; அவ்வாசிரியன் நிற்கும் இடமும் சார்ந்த வர்க்கமும் உண்டு. எச்சொல்லைத் தெரிவது, எதனை முதல் வரியில் வைப்பது, எதனைக் கடைசி வரிக்குத் தள்ளுவது, எதனைச் சொல்லாமல் விடுவது என்பவையெல்லாம் அவன் செய்யும் தெரிவுகளே. போரையும் பயங்கரவாதத்தையும் பற்றிய செய்திகளைப் பொறுத்தவரை இத்தெரிவுகள் மனித உயிர்களோடு தொடர்புடையவை. ஆகவே அவற்றை ஆராய்வது விமர்சகனின் கடமைக்கு அப்பாற்பட்டதன்று.

போர்ச் செய்தி நமக்குப் புதியதன்று. சயங்கொண்டாரின் கலிங்கத்துப் பரணி ஒருவகையில் ஒரு போர்ச் செய்தியே. முதற் குலோத்துங்கனுக்குக் கலிங்க மன்னன் திறை செலுத்தவில்லை; கருணாகரத் தொண்டைமான் படையோடு சென்று கலிங்கத்தை அழித்தான்; களத்திலிருந்து வந்த பேயொன்று அச்செய்தியைக் காளிக்குச் சொல்கிறது. தோற்ற மன்னனும் அவன் அமைச்சனும் அந்நூலிற் பேசுகின்றனர். ஆனால் அவர்கள் பேசுவது சோழ அவைப் புலவர் எழுதிக் கொடுத்த பேச்சேயாம். கலிங்கத்து உழவன் அப்போரைப்பற்றி என்ன எண்ணினான் என்பதை நாம் ஒருபோதும் அறியப்போவதில்லை. இருந்தும் சயங்கொண்டாரிடம் ஒரு நேர்மை உண்டு. தாம் யாருடைய புலவர் என்பதை அவர் மறைக்கவில்லை. இரு பக்கத்திற்கும் பொதுவாக நின்று பாடுகிறேன் என்று அவர் சொல்லவுமில்லை. கொன்றவன் இன்னான் என்று பெயர் சொல்வதே அங்குப் புகழ்.

நமது காலத்துச் செய்தி இவ்விரண்டிலும் மாறுபடுகின்றது. அது நடுநிலைக்கு உரிமை கோருகின்றது; அதேவேளையில் கொன்றவனை வாக்கியத்திலிருந்து அகற்றிவிடுகின்றது. 'குண்டுவீச்சில் முப்பது பேர் கொல்லப்பட்டனர்' என்பது நாம் அன்றாடம் காணும் வாக்கிய வகை. வீசியவர் யார்? வீசும்படி பணித்தவர் யார்? வாக்கியம் விடை தருவதில்லை. தமிழிலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்றொன்று உண்டு. 'சோறு உண்டாயா?' என்று கேட்குமிடத்து 'நீ' என்னும் எழுவாய் வெளிப்படத் தோன்றாவிடினும் வினைமுற்று அதனைக் காட்டிவிடும். போர்ச் செய்தியின் தோன்றா எழுவாய் அத்தகையதன்று. அதனை ஒருவர் மறைத்திருக்கிறார். செயப்பாட்டுவினை நம் மொழிக்குப் புதிதன்றாயினும் நம் பேச்சில் அதற்கு இடம் மிகக் குறைவு. ஊரில் ஒருவன் அடிவாங்கினான் என்று கேள்விப்பட்டால் "ஆர் அடிச்சது?" என்பதே நாம் கேட்கும் முதற் கேள்வி. நாளிதழைக் கையில் எடுத்ததும் அக்கேள்வியை மறந்துவிடுகிறோம். இம்மறதி எவ்வாறு நேர்கின்றது என்பதையே இங்கு நோக்க விரும்புகின்றேன்.

முதற்கண் செய்தி வரும் வழியை அறிதல் வேண்டும். 1870ஆம் ஆண்டில் ரொய்ட்டர், ஹவாஸ், வோல்ப் என்னும் மூன்று ஐரோப்பியச் செய்தி நிறுவனங்கள் உலகைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டன. பிரித்தானியப் பேரரசு ரொய்ட்டரின் பங்காயிற்று. வல்லரசுகள் நிலத்தைப் பங்கிட்ட முறையிலேயே இவை செய்தியைப் பங்கிட்டன. அப்பங்கீடு 1934இல் முறிந்தது; ஆயினும் ஆசிய நாடொன்றில் நிகழ்வதை மற்றோர் ஆசிய நாடு ஐரோப்பிய மேசையொன்றின் வழியாகவே அறியும் வழக்கம் முறியவில்லை. 1976 ஓகஸ்ற் மாதம் கொழும்பிற் கூடிய அணிசேரா நாடுகளின் உச்சி மாநாடு தமக்கெனச் செய்திப் பரிமாற்ற ஏற்பாடொன்றை ஆதரித்தமைக்கு இதுவே காரணம். யுனெஸ்கோ நியமித்த மக்பிறைட் ஆணைக்குழு 1980இல் வெளியிட்ட அறிக்கையும் செய்தி ஓட்டத்தின் இவ்வேற்றத்தாழ்வைச் சுட்டியது. 1984இன் முடிவில் ஐக்கிய அமெரிக்காவும் அடுத்த ஆண்டு பிரித்தானியாவும் யுனெஸ்கோவை விட்டு வெளியேறின. அவை கூறிய காரணங்களுள் இவ்விவகாரமும் ஒன்று. செய்தி வெறும் செய்தியாயின் அதற்காக இத்துணைச் சினம் எழ வேண்டியதில்லை.

இனிப் பெயரிடுதலை நோக்குவோம். மலாயாவை எடுத்துக்கொள்ளலாம். அந்நாடு நமக்கு அந்நியமானதன்று. யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் அங்கு எழுதுவினைஞராகவும் புகையிரதப் பகுதி ஊழியராகவும் பணியாற்றினர். மலாயா ஓய்வூதியக்காரர் என்னும் ஒரு வகுப்பே நம் கிராமங்களில் இருந்தது. இரப்பர்த் தோட்டங்களிற் பால் வெட்டியோரிற் பெரும்பாலார் தமிழ்நாட்டிலிருந்து சென்ற தொழிலாளர். அங்கு 1948 ஜூன் மாதம் தொடங்கிய போருக்குப் பிரித்தானிய ஆட்சி இட்ட பெயர் 'அவசரகால நிலை' என்பதாகும். போரென்று பெயரிட்டால் தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் நேர்ந்த நட்டத்திற்கு இலண்டன் காப்புறுதி நிறுவனங்கள் ஈடு செலுத்தமாட்டா என்பதே இதற்குக் காரணம் எனப் பரவலாகக் கூறுவர். பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்து, ஐந்து இலட்சம் பேரளவில் முட்கம்பி வேலியிட்ட 'புதிய கிராமங்களில்' குடியேற்றிய ஒரு போர் இவ்வாறு பெயரில்லாப் போராயிற்று.

எதிரியின் பெயரும் இவ்வாறே. மலாயாக் காடுகளில் ஜப்பானியரை எதிர்த்துப் போராடிய கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் 1945இல் பிரித்தானியாவின் தோழர்கள். அவர்களின் தலைவர்களுள் ஒருவரான சின் பெங்கிற்குப் பிரித்தானிய முடி விருதும் வழங்கிற்று. 1948இல் அதே மனிதர் 'கொள்ளைக்காரர்' ஆயினர். 1952இல் அவர்களைக் 'கம்யூனிஸ்ட் பயங்கரவாதிகள்' என்றே குறிப்பிடவேண்டும் என்று அரசாங்கம் விதித்தது. மனிதர் மாறவில்லை, காடு மாறவில்லை, துப்பாக்கியும் பெரும்பாலும் மாறவில்லை. மாறியது அவர்கள் குறிவைத்த ஆட்சி மட்டுமே. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி தஞ்சை மாவட்டத்திற் பிறந்தவர். துப்பாக்கி வைத்திருந்தார் என்பதற்காக 1949 மே மாதம் கோலாலம்பூர் புடுச் சிறையில் பிரித்தானிய ஆட்சி அவரைத் தூக்கிலிட்டது. வழக்கேட்டில் இருப்பது ஒரு மனிதனும் ஒரு துப்பாக்கியும். அதற்கு முந்திய ஆண்டு அச்சம்மேளனத்தையே சட்டவிரோதமாக்கியதும், அதற்கும் முந்திய தோட்டத் தொழிலாளரின் கூலிப் போராட்டங்களும் அவ்வழக்கேட்டுக்கு வெளியே நிற்கின்றன. பயங்கரவாதி என்னும் சொல்லின் முதற் பயன் இதுவே: அது ஒருவனுடைய நேற்றை அழித்துவிடுகின்றது.

மலாயா தனித்த உதாரணமன்று. 1954 முதல் 1962 வரை அல்ஜீரியாவில் நடந்ததைப் பிரெஞ்சு அரசு 'நிகழ்ச்சிகள்' என்றும் ஒழுங்கைக் காக்கும் நடவடிக்கை என்றும் வழங்கியது. அதனைப் 'போர்' என்று சட்டத்தில் எழுதப் பிரெஞ்சுப் பாராளுமன்றம் 1999ஆம் ஆண்டுவரை காத்திருந்தது. அல்ஜீரியாவில் வெளிவந்த முற்போக்கு நாளிதழொன்றின் ஆசிரியராயிருந்த அன்றி அலேக்கைப் பிரெஞ்சுப் பரசூட் படையினர் 1957இல் பிடித்துச் சித்திரவதை செய்தனர். அதனை அவர் நூலாக எழுதி 1958இல் வெளியிட்டபோது அரசு நூலைப் பறிமுதல் செய்தது. 'நிகழ்ச்சி' என்ற சொல்லைக் காக்க நூலைப் பறிக்கவேண்டியிருந்தது.

அடுத்து, எழுவாய் மறைதல். 1948 டிசம்பர் மாதம் சிலாங்கூரைச் சேர்ந்த பத்தாங் காலி என்னும் தோட்டத்தில் பிரித்தானியப் படைப்பிரிவொன்று ஆயுதமற்ற 24 சீன ஆண்களைச் சுட்டுக் கொன்றது. தப்பியோட முயன்ற கொள்ளைக்காரர் என்பதே அரசு தந்த விளக்கம்; செய்தியும் வெற்றிச் செய்தியாகவே வெளிவந்தது. 1952 ஏப்ரலில் 'டெய்லி வேர்க்கர்' என்னும் பிரித்தானியக் கம்யூனிஸ்ட் நாளிதழ், வெட்டிய தலைகளைக் கையிலேந்தி நிற்கும் பிரித்தானியக் கடற்படை வீரன் ஒருவனின் படத்தை வெளியிட்டது. படம் போலியென்று முதலில் அதிகாரத் தரப்பு சொல்லிற்று. சில நாட்களில் குடியேற்ற நாட்டு அமைச்சரே பாராளுமன்றத்தில் அது மெய்யென ஒப்புக்கொள்ள நேர்ந்தது. பிற பெரும் பத்திரிகைகளோ அப்படத்தைக் கையாள விரும்பவில்லை.

கென்யாவில் நிகழ்ந்தது இதனினும் வியப்பிற்குரியது. 1959 மார்ச் மாதம் ஹோலாத் தடுப்பு முகாமில் காவலர் 11 கைதிகளை அடித்துக் கொன்றனர். தண்ணீர் வண்டியிலிருந்து நீர் அருந்தியபின் அவர்கள் இறந்தனர் என்பதே குடியேற்ற அரசின் முதல் அறிக்கை. தடிகொண்டு அடித்தவர் மறைந்தனர். அவர்களின் இடத்தில் தண்ணீர் வந்து நின்றது. மருத்துவப் பரிசோதனை உண்மையைக் காட்டியபின்னரே பிரித்தானியப் பாராளுமன்றம் அதனை விவாதித்தது.

மூன்றாவது, எண்ணிக்கை. கென்யாவின் மௌ மௌ எழுச்சியில் அவ்வியக்கத்தினர் கொடுஞ் செயல்களைச் செய்தனர் என்பதை மறுப்பதற்கில்லை. 1953 ஜனவரியில் அவர்கள் ஒரு வெள்ளைக் குடியேற்றக்காரக் குடும்பத்தைச் சிறுவன் உட்படக் கொன்றனர். மார்ச் மாதம் லாரியில் தம் இனத்தவரான கிக்கூயு மக்களையே, பெண்கள் பிள்ளைகள் என்றும் பாராமல், தீயிட்டும் வெட்டியும் கொன்றனர். அச்சிறுவனின் படுக்கையறைப் படத்தை உலகப் பத்திரிகைகள் வெளியிட்டன. வெளியிட்டது தவறன்று. அவ்வெழுச்சி முழுவதிலும் உயிரிழந்த வெள்ளைக் குடியேற்றக்காரர் 32 பேர். பிரித்தானியப் படைகள் கொன்ற 'மௌ மௌ பயங்கரவாதிகள்' அரசின் கணக்கின்படியே 11,000 பேருக்கு மேல். தூக்கிலிட்டோர் ஆயிரத்துக்கு மேல். முப்பத்திரண்டு பேருக்கும் முகம் இருந்தது. பதினோராயிரம் பேருக்கும் ஓர் எண் மட்டுமே இருந்தது. அவர்கள் எக்காணியை இழந்தனர், எதன்பொருட்டுக் காட்டிற்குச் சென்றனர் என்று கேட்பதற்குச் செய்தியில் இடமில்லை. முகம் பெற்றவனுக்காக வாசகன் அழுகிறான். எண்ணானவனைக் கூட்டிக் கழிக்கிறான்.

நான்காவது, முதற்குரல் யாருடையது என்பது. 1968 மார்ச் 16ஆந் திகதி வியட்நாமின் மை லாய்க் கிராமத்தில் அமெரிக்கப் படையினர் முதியோர், பெண்கள், குழந்தைகள் ஆகியோரைக் கொன்று குவித்தனர். வியட்நாமியர் கணக்கில் இறந்தோர் 504 பேர். மறுநாள் 'நியூயோர்க் ரைம்ஸ்' முதற் பக்கத்தில் வெளியிட்ட செய்தியோ, நாள் முழுதும் நிகழ்ந்த சமரில் 128 எதிரிகளை அமெரிக்கப் படை கொன்றது என்பதாகும். இங்கு எழுவாய் இருக்கிறது. பெருமைக்குரியதெனின் எழுவாய் உடனே தோன்றிவிடும். செயப்படுபொருள்தான் பொய். 128 எதிரிகளைக் கொன்ற படை கைப்பற்றிய துப்பாக்கிகள் மூன்றே என்பது இராணுவத்தின் கணக்கிலேயே இருந்தது. அன்றே ஒருவர் கேட்டிருக்கலாம். ஏறத்தாழ இருபது மாதங்கள் கழிந்தபின், பெரும் சஞ்சிகைகள் இரண்டு ஏற்க மறுத்த செய்தியைச் சீமோர் ஹேர்ஷ் ஒரு சிறிய செய்தி நிறுவனத்தின் வழியாக வெளியிட்டபோதே உலகம் அறிந்தது.

ஈராக்கில் இம்முறை மேலும் நுட்பம் பெற்றது. 2002 செப்டெம்பர் 8ஆந் திகதி, ஈராக் வாங்க முயன்ற அலுமினியக் குழாய்கள் அணுவாயுதத்திற்குரியவை என்னும் அதிகாரிகளின் கூற்றை அதே நியூயோர்க் ரைம்ஸ் முதற் பக்கத்தில் வெளியிட்டது. அன்றே தொலைக்காட்சியில் தோன்றிய துணை ஜனாதிபதி டிக் செனி, தம் வாதத்திற்குச் சான்றாக அப்பத்திரிகையையே காட்டினார். அதிகாரம் பத்திரிகையின் காதில் ஓதியது. பத்திரிகை அதனை ஊருக்கு உரைத்தது. பின் அதிகாரம் பத்திரிகையைச் சாட்சிக்கு அழைத்தது. குரல் ஒன்றே, கேட்போனுக்கோ இருவர் பேசியதாகத் தோன்றும். 2003 மார்ச் மாதம் படையெடுப்புத் தொடங்கியது. 2004 மே 26ஆந் திகதி அப்பத்திரிகையின் ஆசிரியர் குழு தன் செய்திகள் போதிய கண்டிப்போடு அமையவில்லையென உட்பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதியது. பேரழிவு ஆயுதம் எதுவும் கிடைக்கவில்லை. அதற்குள் பல்லாயிரம் ஈராக்கியர் மாண்டுவிட்டனர்.

இவ்வுதாரணங்களை ஒருங்கே வைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். பொய் நிரந்தரமாக வெல்வதில்லை. உண்மை வெளிவரத்தான் செய்கிறது. ஆனால் அது எப்போது வெளிவருகிறது? பத்தாங் காலியில் சுட்ட சிப்பாய்கள் சிலரின் ஒப்புதல் 1970இல் பத்திரிகையில் வந்தது; அதன்மேல் எழுந்த விசாரணையை அரசு அவ்வாண்டிலேயே நிறுத்தியது; பகிரங்க விசாரணைக்கு அரசு கடமைப்பட்டதன்று எனப் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்த்தது. கென்யர்க்குப் பிரித்தானியா வருத்தம் தெரிவித்து 5,228 பேருக்கு நட்டஈடு வழங்கியது 2013இல். மண்டேலாவையும் அவர் இயக்கத்தையும் ஐக்கிய அமெரிக்கா தன் பயங்கரவாதக் கண்காணிப்புப் பட்டியலிலிருந்து நீக்கியது 2008இல். அவர் ஜனாதிபதியாகிப் பதினான்கு ஆண்டுகளின் பின். உண்மையால் எவருக்கும் எவ்வித நட்டமும் இல்லை என்னும் நாள் வந்ததும் அதனை வெளிவர விடுகின்றனர். அதனைப் பின்னர்ப் பத்திரிகைச் சுதந்திரத்தின் வெற்றி என்றும் கொண்டாடுகின்றனர். போரை நிறுத்தக்கூடிய நாளில் தேவைப்படும் உண்மை வேறு. நினைவுச்சின்னம் எழுப்பும் நாளில் கிடைக்கும் உண்மை வேறு.

இன்றைய காஸாவிலும் இதே இலக்கணத்தைக் காண்கிறோம். 2023 ஒக்ரோபர் 7ஆந் திகதி ஹமாஸ் இயக்கத்தினரும் அவர்களோடு சென்றோரும் இஸ்ரேலினுட் புகுந்து 1,200 பேரளவிற் கொன்றனர். 250 பேரளவிற் பணயமாகக் கொண்டுசென்றனர். கொன்றவர் யார் என்பதை எப்பத்திரிகையும் மறைக்கவில்லை, மறைக்கவும் கூடாது. அதன்பின் இஸ்ரேலியப் படை காஸாவில் நடத்திய போரில் இறந்தோர் தொகை 2025 ஜூலை முடிவில் 60,000ஐத் தாண்டியது எனக் காஸாச் சுகாதார அமைச்சு கணக்கிட்டது. இம்மரணங்களைக் கூறும் மேனாட்டுத் தலைப்புகளிலோ பன்முறை மக்கள் 'இறந்தனர்', கட்டடங்கள் 'இடிந்தன', குண்டுகள் 'வீழ்ந்தன'. போர்க்காலத்தில் வெளிநாட்டுப் பத்திரிகையாளர் காஸாவினுட் சுதந்திரமாகச் செல்வதை இஸ்ரேல் தடைசெய்தது. உள்ளிருந்து எழுதிய பாலஸ்தீனப் பத்திரிகையாளர் நூற்றுக்கு மேற்பட்டோரின் உயிரை அதன் தாக்குதல்கள் பறித்தன. சாட்சியை அப்புறப்படுத்தியபின், சாட்சியில்லாச் செய்தி என்று ஐயுறுவது எளிது.

இதுகாறும் கூறியவற்றிற்கு இம்மாத இதழின் வாசகர்கள் தலையசைத்திருப்பர். ஏகாதிபத்தியத்தின் பத்திரிகை பொய்யுரைக்கும் என்பது நமக்குப் பழகிய கருத்து. பழகிய கருத்து உறங்க வைக்கும். ஆகவே நம் பக்கத்தையும் அதே அளவுகோலால் அளத்தல் வேண்டும். 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுட் புகுந்தபோது 'பிராவ்தா' அவற்றை 'வரையறுத்த படைப்பிரிவு' என்றும், அவை ஆற்றுவது 'சர்வதேசக் கடமை' என்றும் எழுதியது. எதிர்த்தோர் 'கொள்ளைக்காரர்' ஆயினர். மலாயாவில் பிரித்தானியர் வழங்கிய அதே சொல்! அச்சொல்லை அங்குக் கண்டு சினந்த நம்மவர் பலர் இங்குக் கண்டும் காணாதவர்போல் இருந்தனர். 1956இல் ஹங்கேரியைப் பற்றியும் 1968இல் செக்கோஸ்லவாக்கியாவைப் பற்றியும் நம் சஞ்சிகைகள் எழுதியதை எடுத்துப் பார்க்கும் துணிவு நமக்கு வேண்டும். மறுபுறம் அதே ஆப்கானியரை மேலைநாடுகள் 'விடுதலை வீரர்' என்றன. அவ்வாறு அமெரிக்க உதவி பெற்ற ஜலாலுதீன் ஹக்கானி அமைத்த இயக்கத்தையே ஐக்கிய அமெரிக்கா 2012இல் பயங்கரவாத இயக்கமாகப் பிரகடனம் செய்தது. சோவியத் யூனியன் மறைந்தபின்னும் மொஸ்கோவின் அகராதி மறையவில்லை. 2022 பெப்ரவரியில் உக்ரேனுட் புகுந்த ரஷ்ய அரசு அதனை 'விசேட இராணுவ நடவடிக்கை' என்றது; படையைப்பற்றிப் 'பொய்த் தகவல்' பரப்புவோர்க்குப் பதினைந்து ஆண்டுவரை சிறை விதிக்கும் சட்டத்தையும் மார்ச் மாதம் இயற்றியது. 1948இன் இலண்டனும் 2022இன் மொஸ்கோவும் 'போர்' என்னும் ஒரே சொல்லுக்கே அஞ்சின.

அவ்வாறாயின் பயங்கரவாதம் என்னும் சொல்லுக்குப் பொருளே இல்லையா என வாசகர் வினவலாம். உண்டு. ஒருவனுக்குப் பயங்கரவாதி மற்றொருவனுக்கு விடுதலை வீரன் என்று கூறி அமைதியடைவது சோம்பேறியின் தத்துவம். 2001 செப்டெம்பர் 11ஆந் திகதி நியூயோர்க்கில் அலுவலகத்திற்குச் சென்றவர்களைக் கொன்றதும், 2019 உயிர்த்த ஞாயிறன்று கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயத்தில் முழந்தாளிட்டவர்களைக் கொன்றதும் பயங்கரவாதமே. ஆயுதமற்றோரை அச்சுறுத்தும் நோக்கோடு கொல்லுதல் என்பது அச்சொல்லின் பொருளாயின், அச்செயலைச் செய்த எவருக்கும் அது பொருந்தவேண்டும்; சீருடை அணிந்தவர்க்கும் விமானத்திலிருந்து செய்பவர்க்கும் பொருந்தவேண்டும். சொல் செயலைக் குறிக்கும்வரை அது நீதியின் கருவி. அது ஒரு கூட்டத்தையோ இனத்தையோ மதத்தையோ குறிக்கத் தொடங்கியதும் அநீதியின் கருவியாகிவிடுகின்றது. உயிர்த்த ஞாயிற்றின்பின் நமது நாட்டுத் தொடர்புச் சாதனங்கள் பல ஒரு முழுச் சமூகத்தின் வீட்டுச் சமையலறைக் கத்தியையும் சந்தேகித்தமையை நாம் மறக்கலாகாது.

நமது நாட்டில் இச்சொல் ஏட்டளவில் நிற்கவில்லை. 1979இல் தற்காலிகமாக வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தை அரசு 1982இல் நிரந்தரமாக்கிற்று. பத்திரிகையின் அடைமொழி சட்டத்தின் பெயராகவும் ஆகியபின், அதனைத் தாங்கியவன் வழக்கின்றியும் சிறையிலிருக்கலாயிற்று. 2009இல் வன்னியில் நடந்த இறுதிப் போரை அரசு 'மனிதாபிமான நடவடிக்கை' என்றது. சுதந்திரப் பத்திரிகையாளரை அங்குச் செல்ல விடவில்லை. அவ்விறுதி மாதங்களில் இறந்த பொதுமக்கள் 40,000 பேர்வரை இருத்தல்கூடும் என ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இற் கூறியது. அதே குழு, தம் பிடியிலிருந்து தப்பிச் செல்ல முயன்ற மக்களைப் புலிகள் சுட்டனர் என்பதையும் பதிவுசெய்தது. தென்னிலங்கைப் பத்திரிகைகள் பல முதற் செய்திக்கு எழுவாய் தரவில்லை. தமிழ்ப் பத்திரிகைகள் பல இரண்டாவது செய்திக்கு எழுவாய் தரவில்லை. அரசின் அகராதியிற் பயங்கரவாதி என்ற சொல் செய்த வேலையை நம்மவர் அகராதியில் 'துரோகி' என்ற சொல் செய்தது. மின்கம்பத்தில் கட்டிச் சுட்டபின் கழுத்தில் மாட்டிய அட்டையில் அச்சொல்லை எழுதினால் வேறு விசாரணை வேண்டியிருக்கவில்லை.

இந்த இரண்டு அகராதிகளையும் ஏற்க மறுத்தோர் சிலர் இருந்தனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தைச் சேர்ந்த ராஜினி திராணகம இலங்கைப் படை, இந்தியப் படை, தமிழ் இயக்கங்கள் ஆகிய அனைவர் செய்த கொடுமைகளையும் செய்தவர் பெயரோடு பதிவுசெய்தார். 1989 செப்டெம்பர் 21ஆந் திகதி அவரைச் சுட்டுக் கொன்றனர். கொன்றவர் புலிகளே என்பது அவரோடு பணியாற்றியோரின் உறுதியான கூற்று. இவ்வாக்கியத்தை எழுவாயின்றி எழுதுவதே நமக்கு நெடுங்காலம் பழக்கமாயிருந்தது. எழுவாயைச் சொல்வது வெறும் இலக்கணமன்று என்பதற்கு அவர் மரணத்தைவிட வேறு சான்று வேண்டுமோ?

ஆகவே ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நாம் செய்யத்தக்கது யாது? எல்லாப் பத்திரிகையும் பொய் என்று ஒதுக்குவது விடையன்று. எதனையும் நம்பாதவன் இறுதியில் தன் கூட்டத்தான் சொல்வதையே நம்புவான். டெய்லி வேர்க்கரும் ஹேர்ஷும் திராணகமவும் இருந்தனர் என்பதே உண்மையைச் சொல்லுதல் இயலும் என்பதற்குச் சான்று. செய்யத்தக்கது சிறியதொரு பயிற்சி. தமிழ் இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர் அன்றைய நாளிதழிலிருந்து ஒரு போர்ச் செய்தியை வகுப்பிற்கு எடுத்துச் செல்லட்டும். அதிலுள்ள செயப்பாட்டுவினைகள் அனைத்தையும் செய்வினையாக மாற்றும்படி மாணவரைப் பணிக்கட்டும். வினைமுதல் கிடைக்காத இடத்தில் வெற்றிடம் விடச் சொல்லட்டும். பின்னர், அவ்வெற்றிடத்தை நிரப்ப யாரிடம் கேட்கவேண்டும், செய்தியை முதலிற் சொன்னவர் யார், முகம் பெற்றவர் யார், எண்ணானவர் யார் என்று வினவட்டும். இப்பயிற்சியை முதலில் மாணவர் விரும்பாத பத்திரிகையில் தொடங்கலாம். அவர்கள் விரும்பும் பத்திரிகையில் அதனைச் செய்து முடிக்கும்போதே பாடம் நிறைவுறும்.